செத்துப்போனவங்ககிட்ட கேக்க 30 கேள்வி இருக்கு, யார்கிட்ட போய் கேக்குறது?

பெங்களூர்ல இருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காரு. பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டதால அடையாளம் தெரியிற விவரத்தையெல்லாம் மாத்திட்டேன். வயசு 38, அல்சூர்ல பொறந்து வளந்தவர், ஐடி வேலை. ரெண்டு வருஷமா குடும்ப வம்சாவளி எழுதிட்டு இருக்காரு. குடும்பம் அந்தக் காலத்து வட ஆற்காடு ஜில்லாவுல இருந்து வந்தது. "தாது வருஷத்துல ஆத்தா இடுப்புல ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டு வந்தா"னு அவரோட அத்தை சொல்வாங்களாம், அத்தைக்கு இப்போ 82 வயசு. இடுப்புல வந்த அந்தப் பிள்ளைதான் இவருக்கு எள்ளுத் தாத்தா. ஆத்தாவோட பேர் என்னனு வீட்ல ஒருத்தருக்கும் தெரியல.

போன வருஷம் டிரங்குப் பெட்டியில 1931-ம் வருஷத்து அடமானப் பத்திரம் ஒண்ணு கிடைச்சிருக்கு. கொள்ளுத் தாத்தா அல்சூர் வீட்டை அடமானம் வச்சு எழுதிக் குடுத்தது, பின்னால மீட்டுட்டாங்க. அதுல அவர் தன்னை "காலஞ்சென்ற இன்னாரின் சுவீகார புத்திரன்"னு, அதாவது தத்துப் பிள்ளைனு எழுதியிருக்காரு. அங்கதான் வாசகருக்குத் தூக்கம் போயிடுச்சு. இதுக்கு நடுவுல சித்தப்பா பையன் "ஊர்ல நம்ம நிலம் நாலு ஏக்கர் இருக்கு, சர்வே நம்பர் கேட்டு வை"னு கிளப்பி விட, இவர் ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல ரெக்கார்டிங்கைப் போட்டு அத்தை முன்னாடி வச்சு சுவீகாரம் பத்தியும் நிலம் பத்தியும் ஒரே மூச்சுல கேட்டிருக்காரு. அன்னையில இருந்து அத்தை பழங்கதையே பேசுறதில்ல. அப்பா "செத்தவங்களை எதுக்குடா தோண்டுற"னு சத்தம் போடுறாராம்.

முன்னோர்கள் எதிர்ல வந்து உக்காந்தா கேக்குறதுக்குன்னு 30 கேள்வி ஒரு நோட்ல எழுதி வச்சிருக்காரு, அதையும் அனுப்பியிருக்காரு. என்கிட்ட கேட்டது இது: சுவீகாரம்னா நாங்க இந்தக் குடும்பமே இல்லையா, வீட்டு டைட்டில் செல்லுமா, ஊர் நிலத்துல உரிமை இருக்கா, டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமா, இதையெல்லாம் புஸ்தகமா போட்டா யாராவது கேஸ் போடுவாங்களா. கடைசியில போற போக்குல ஒரு வரி, "அத்தை பேர்லயே குழப்பம் சார், ரேஷன் கார்டுல முனியம்மா, வீட்ல எல்லாருக்கும் பாப்பாதான்".

தம்பி, உங்க நோட்டை ரெண்டு தடவை படிச்சேன். 25 வருஷமா சிவில் கேஸ் பாக்குறேன், வம்சாவளின்னு என் மேஜைக்கு வர்றதெல்லாம் பங்கு கேக்குறதுக்காக எழுதினதாத்தான் இருக்கும். "ஊரை விட்டுக் கிளம்பும்போது வீட்டுக் கதவைப் பூட்டினியா, பூட்டுறதுக்கு உள்ள ஏதாவது இருந்துச்சா"னு ஒரு கேள்வி எழுதியிருக்கீங்களே, அப்படி ஒண்ணை நான் எந்தக் கேஸ் கட்டுலயும் பாத்ததில்ல. அதனால கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

முதல்ல அத்தை மேல இருக்குற சந்தேகத்தை எடுத்துடலாம். தாது வருஷம்னு நெட்ல தேடினப்போ 1936னு வந்துச்சு, 1931-லயே அல்சூர்ல வீடு இருந்திருக்கே, அப்போ அத்தைக்கு வயசாகி மறதி வந்துடுச்சுனு எழுதியிருக்கீங்க. தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும். 1936 சித்திரையில ஒரு தாது வருஷம் பொறந்துச்சு, அதுக்கு முந்தினது 1876 சித்திரையில. அந்த 1876தான் நம்ம ஜனங்க தலைமுறை தலைமுறையா "தாது வருஷப் பஞ்சம்"னு சொல்றது. மழை பொய்ச்சு 1878 வரைக்கும் இழுத்த பஞ்சம், மெட்ராஸ் மாகாணம் மைசூர் ரெண்டையும் சேத்து அடிச்சுது, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில மட்டும் 50 லட்சத்துக்கு மேல செத்தாங்கன்னு கணக்கு சொல்றாங்க. உங்க அத்தை ஒரு வருஷம் கூட தப்பா சொல்லல. அவங்க பொறக்குறதுக்கு அறுபது எழுபது வருஷம் முன்னாடி நடந்ததை வருஷப் பேரோட பிசகாம உங்க கையில குடுத்திருக்காங்க. அதை நீங்க சந்தேகப்பட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, முதல்ல போய் அதைச் சரி பண்ணுங்க.

"நடந்தா வந்த?"னு ஒரு கேள்வி இருக்கு. நடந்தும் வந்திருக்கலாம். ஆனா ஜோலார்பேட்டையில இருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு 1864-லயே ரயில் ஓட ஆரம்பிச்சிடுச்சு, வட ஆற்காட்டுல இருந்து பொழைக்க வந்த எத்தனையோ குடும்பத்துக்கு அதுதான் வழி. கண்டோன்மென்ட் 1809-ல இருந்து இருக்கு, பட்டாளத்தைச் சுத்தி சமையல், சலவை, கொத்துவேலை, தோட்டவேலைனு தமிழ்க்காரங்களுக்கு வேலை இருந்துச்சு. ஆத்தா எதுல சேந்தாங்கன்னு எனக்குத் தெரியாது, ஆனா பெங்களூர்லயும் அந்த நேரத்துல பஞ்சம்தான்ங்கிறதை மனசுல வச்சுக்கிட்டு அந்தக் கேள்வியைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. சோறு இருக்குற இடத்துக்கு வரல அவங்க, வேலை கிடைக்கலாம்னு நம்பி ஒரு இடத்துக்கு வந்தாங்க.

சுவீகாரம்னா ரத்தம் இல்ல, ஆனா வம்சம்தான்

இதுலதான் நீங்க ரொம்ப உடைஞ்சு போயிருக்கீங்க, அதனால நேராவே சொல்றேன். முறையா சுவீகாரம் போன பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளைதான், இது 1956-ல சுவீகாரச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியும் அப்படித்தான். சொத்துரிமை அவனுக்கு வரும், கொள்ளி வைக்கிற உரிமையும் அவனுக்குத்தான். ஆத்தா உங்களுக்கு ஆத்தா இல்லாமப் போகல.

கொள்ளுத் தாத்தா யாரு பெத்த பிள்ளைங்கிறது தனிக் கேள்வி. அவர் 1897 வாக்குல பொறந்திருக்கணும்னு நீங்க போட்ட கணக்கு சரியா இருந்தா, 1898 ஆகஸ்ட்ல பெங்களூருக்கு பிளேக் வந்ததையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். கண்டோன்மென்ட் பக்கம் வீடு வீடா ஜனங்க செத்தாங்க, இன்னைக்கும் இந்த ஊர்ல பிளேக் அம்மன் கோயில் இருக்கு. அப்பா அம்மா போன ஒரு கைக்குழந்தையைப் பிள்ளை இல்லாதவங்க தூக்கிட்டு வந்து வளத்திருக்கலாம். இது நான் சொல்ற ஊகம்தான், சார்ட்ல எழுதிடாதீங்க. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். அந்தக் காலத்து இந்து சட்டத்துல பிள்ளையை சுவீகாரம் குடுக்குற உரிமை பெத்த அப்பா அம்மாவுக்கு மட்டும்தான், ரெண்டு பேரும் இல்லாத பிள்ளையைக் குடுக்க ஆளே கிடையாது, ஜாதி வழக்கம் அனுமதிச்சா மட்டும் செல்லும். இதைப் படிச்சதும் "அப்போ வீட்டு டைட்டில்?"னு நீங்க பதறுவீங்க. பதற வேணாம். 1931-ல தன் பேர்ல அடமானம் வச்சு, மீட்டு, அதுக்கப்புறம் 90 வருஷத்துக்கு மேல உங்க குடும்பம் அனுபவத்துல வச்சிருக்குற வீடு, இத்தனை காலம் யாரும் வந்து மறுக்கல, இனிமே ஒருத்தர் வந்து சுவீகாரம் செல்லாதுன்னு சொன்னா எந்தக் கோர்ட்டும் காது குடுக்காது.

டிஎன்ஏ டெஸ்ட் பத்தி எனக்கு உற்சாகம் இல்ல. உங்க சார்ட்ல இருக்குற ஒரு கோடு ரத்தத்தால போட்டது இல்லனு பத்திரமே சொல்லிடுச்சு, டெஸ்ட் அதையேதான் திரும்பச் சொல்லும். ஊர்ல இருக்குற ஒருத்தரோட உங்களுக்கு ஒத்துப்போகலைனா அவங்க "நீ எங்க பங்காளியே இல்ல"னு கிளம்புவாங்க. அதுவும் இல்லாம உங்க எச்சில்ல உங்க அப்பாவும் இருக்காரு, பெரியப்பா பிள்ளைகளும் இருக்காங்க, அவங்க யாரும் சம்மதிக்காத ஒரு ரகசியம் அதுல இருந்து வெளிய வரலாம். எடுக்கணும்னே இருந்தா முதல்ல வீட்ல உக்காந்து பேசிட்டு எடுங்க.

ஊர் நிலம்

சித்தப்பா பையனுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. முப்பாட்டன் ஒரு காலத்துல உழுத நிலமெல்லாம் "பூர்வீகச் சொத்து"ன்னு நம்ம ஜனங்க நினைக்கிறாங்க, சட்டத்துல அப்படி இல்ல. பாகம் பிரியாம, கை மாறாம, உங்க தலைமுறை வரைக்கும் அது குடும்பச் சொத்தாவே இறங்கி வந்திருக்கணும். 1876-ல விட்டுட்டு வந்த நிலம் பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு ஆகியிருக்கும், ஒண்ணு அங்க இருந்த பங்காளி உழுதிருப்பாரு, இல்லைனா தீர்வை பாக்கிக்கு ஜப்தி பண்ணி ஏலம் போயிருக்கும், 1864-ல வந்த மெட்ராஸ் வருவாய் வசூல் சட்டத்துல அதுக்கு வழி இருந்துச்சு. சொத்தை மீட்க கேஸ் போட காலவரையறைச் சட்டம் குடுக்குற காலம் பொதுவா 12 வருஷம். கூட்டுக் குடும்பத்துல ஒரு பங்காளி வெறும்ன அனுபவிச்சா மட்டும் இன்னொருத்தர் உரிமை போயிடாதுங்கிறது உண்மைதான், ஆனா நாலஞ்சு தலைமுறை, 140 வருஷத்துக்கு மேல ஆன பிறகு அந்த வாதத்தை வச்சுக்கிட்டு நான் யாரையும் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். வக்கீல் ஃபீஸ் போகும், ஊர்ல இருக்குற ஒண்ணு ரெண்டு சொந்தமும் போயிடும்.

இங்கதான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் வருது. செத்தவங்க வார்த்தையை கோர்ட் சாதாரணமா ஏத்துக்காது, வந்து கூண்டுல ஏறி நிக்க முடியாதுல்ல. ஆனா 1872 சாட்சியச் சட்டம் 32-வது பிரிவுல ஒரு வாசல் வச்சாங்க, புது சாட்சியச் சட்டத்துல அது 26-வது பிரிவு. யாருக்கு யாரு என்ன உறவு, கல்யாண உறவா, சுவீகார உறவாங்கிறதை, தெரிஞ்சிருக்கக்கூடிய ஒருத்தர் உயிரோட இருக்கும்போது சொல்லியிருந்தா, குடும்பப் பத்திரத்துல எழுதியிருந்தா, வம்சாவளியில இருந்தா, ஏன் கல்லறைக் கல்லுல வெட்டியிருந்தா கூட அதை சாட்சியமா எடுத்துக்கலாம். ஒரே ஒரு கண்டிஷன், தகராறு கிளம்புறதுக்கு முன்னாடி சொன்னதா இருக்கணும். சண்டை வந்த பிறகு எல்லாருக்கும் ஒரு பக்கம் வந்துடும், அதுக்கப்புறம் வர்ற வார்த்தையில கணக்கு கலந்துடும்.

உங்க கொள்ளுத் தாத்தா 1931-ல, யாரும் கேக்காமலே, "நான் சுவீகார புத்திரன்"னு எழுதிக் கீழ கைரேகை வச்சாரு பாருங்க, அது அந்த மாதிரி வார்த்தை. அவருக்கு அதுல வெக்கம் இருந்ததா எனக்குத் தெரியல. அத்தை அடுப்படியில உக்காந்து தாது வருஷம்னு சொன்னதும் அதே மாதிரிதான். நீங்க சர்வே நம்பர் கேட்ட அன்னைக்குத்தான் அந்த வாசல் சாத்துச்சு. சுவீகாரம்னு சொன்னதும் "என் தாத்தாவை வந்தேறின்னு சொல்ல வர்றானா", நிலம்னு சொன்னதும் "யாரு மேல கேஸ் போடப் போறான்"னு ஒரு வயசான அம்மா பயப்படாம என்ன பண்ணுவாங்க? அதனால நிலக் கேள்வியை உங்க நோட்ல இருந்தே அடிச்சுடுங்க. காகிதத்துல தேட வேண்டியதைக் காகிதத்துல தேடுங்க, அத்தைகிட்ட அதைக் கொண்டு போகாதீங்க.

காகிதத்துல தேட வேண்டியது

அந்த அடமானப் பத்திரத்தையே இன்னும் முழுசா நீங்க படிக்கல. சாட்சி கையெழுத்து போட்டவங்க யாரு, அவங்க அப்பா பேர் என்ன, நான்கெல்லையில பக்கத்து வீட்டுக்காரங்க யாரு, இதையெல்லாம் எழுதி வைங்க, சாட்சிக்கு வர்றவங்க பாதிப் பேர் மாமன் மச்சானாத்தான் இருப்பாங்க. அதுல குறிச்சிருக்குற தாய்ப் பத்திரத்தோட நம்பரை வச்சு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல நகல் கேளுங்க. அசையாச் சொத்துப் பத்திரமெல்லாம் ஏறுற முதல் புஸ்தகத்தை யார் வேணாலும் பாக்கலாம், பதிவுச் சட்டம் 57-வது பிரிவு அந்த உரிமையைக் குடுக்குது. உயில் ஏறுற மூணாவது புஸ்தகத்துல எழுதினவர் செத்த பிறகு யாரும் நகல் வாங்கலாம். சுவீகாரப் பத்திரம்னு தனியா ஒண்ணு நாலாவது புஸ்தகத்துல ஏறியிருந்தா எழுதினவங்க வழி வந்தவர்னு காட்டித்தான் வாங்கணும்.

ஊர்ப் பக்கம்னா சென்னை எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல பழைய செட்டில்மென்ட் பதிவேடு கேக்கலாம், தாலுகா ஆபீஸ்ல அ-பதிவேடு, அதாவது சர்வே நம்பர் வாரியா நிலக் கணக்கு எழுதின புஸ்தகம். உங்க ஊர் ஜமீன் கிராமமா இருந்திருந்தா 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் சர்க்கார் கணக்குல ஒழுங்கா பேர் ஏறியிருக்கும், அதையும் விசாரிச்சுக்கங்க. சென்சஸ்ல பேர் தேடலாம்னு எழுதியிருக்கீங்க, அதுக்காக அலையாதீங்க. வீட்டு வாரியா எழுதின சென்சஸ் தாளை வெளியாள் பாக்க முடியாதுன்னு 1948 சென்சஸ் சட்டம் 15-வது பிரிவே சொல்லுது.

இதை விட வீட்டுக்குள்ளயே நிறைய கிடக்கும். மொய் நோட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதகக் கட்டு. என்கிட்ட வந்த ஒரு பாகக் கேஸ்ல ரெண்டு குடும்பமும் உறவே இல்லனு சாதிச்சாங்க, கடைசியில 1950கள்ல எழுதின ஒரு மொய் நோட்ல "பெரியப்பா வகை"னு ஒரு வரி இருந்துச்சு, அந்த ஒரு வரிக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் வாயடைச்சுப் போனாங்க. குலதெய்வம் எந்த ஊர்ல இருக்குன்னு தெரிஞ்சா சிவராத்திரிக்குப் போயிட்டு வாங்க, பங்காளிங்க அங்க வருவாங்க. பொங்கல் வைக்கப் போங்க, பட்டா கேக்கப் போகாதீங்க.

புஸ்தகமா போடலாமா

போடலாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சு போடுங்க, செத்தவங்களைப் பத்தி எழுதினாலும் அவதூறு ஆகலாம். உயிரோட இருந்திருந்தா அவங்க பேரைக் கெடுக்குற மாதிரி, குடும்பத்தார் மனசைப் புண்படுத்தணுங்கிற நோக்கத்தோட எழுதினா, பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு அதையும் சேத்துத்தான் சொல்லுது, பழைய பீனல் கோடு 499-லயும் அது இருந்துச்சு. சுவீகாரம்னு பத்திரத்துல இருக்குறதை மரியாதையா எழுதுறது அதுல வராது. பெரியப்பா வீட்டுப் பாட்டிக்கு ரெண்டாம் கல்யாணம்னு காதுல விழுந்ததை எழுதுறதுக்கு முன்னாடி அந்த வீட்டாளுங்களுக்குக் காட்டுங்க, வேணாம்னா விட்டுடுங்க. பழைய பத்திரத்துல எல்லார் பேருக்குப் பக்கத்துலயும் ஜாதி எழுதியிருப்பாங்க, அதை அப்படியே போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புல போடாதீங்க, அது எங்கெல்லாம் போகும்னு உங்க கையில இல்ல.

இப்போ உங்க 30 கேள்விக்கு வர்றேன். 11 கேள்விக்குப் பதில் காகிதத்துல கிடைக்கலாம், பக்கத்துல டிக் போட்டு அனுப்பியிருக்கேன். ஒரு 12 கேள்வி, "வழியில யாரை விட்டுட்டு வந்த", "திரும்பிப் போகணும்னு ஒரு நாளாவது தோணுச்சா", "அழுதா யார் மடியில அழுத", இதுக்கெல்லாம் பதில் சொல்ல இனிமே யாரும் வரப்போறதில்ல. அதையும் கிழிச்சுப் போடாதீங்க, புஸ்தகத்துல கேள்வியாவே போடுங்க, உங்க பொண்ணு ஒரு நாள் அதைப் படிக்கட்டும். மிச்சம் இருக்குற ஏழும் அத்தைக்குத் தெரிஞ்சது. 82 வயசுங்க தம்பி, அந்த ஏழு கேள்விக்கும் நாள் குறிச்சாச்சு.

முதல் கேள்வியா நீங்க எழுதியிருக்குறது "ஆத்தா, உன் பேர் என்ன?". பத்திரத்துல பொம்பளைங்க பேரைத் தேடினா "இன்னார் சம்சாரம்"னுதான் பெரும்பாலும் வரும், அதனால அது காகிதத்துல கிடைக்கும்னு என்னால நம்பிக்கை சொல்ல முடியல. ஆனா அத்தை பேர் குழப்பம்னு கடைசியில ஒரு வரி எழுதினீங்களே, அதை நான் விட்டுட்டுப் போக மாட்டேன். நம்ம பக்கம் பொம்பளைப் பிள்ளை பொறந்தா அப்பனைப் பெத்தவ பேரை வைப்பாங்க, அதான் பேர்த்தி. அந்தக் காலத்து மருமக மாமியார் பேரை வாயால சொல்ல மாட்டா, அதே பேரை மகளுக்கு வச்சுட்டு எப்படி அதட்டிக் கூப்பிடுறது? அதனால வீட்டுக்குன்னு பாப்பா, கண்ணுனு ஒரு பேர் வந்துடும், நிஜப் பேர் கார்டுல மட்டும் இருக்கும். முனியம்மாங்கிறது உங்க கொள்ளுப் பாட்டி பேரா இருக்கலாம். அந்தக் கொள்ளுப் பாட்டி மாமியார் வீட்டுக்கு வந்த பிறகு வச்ச பேரா, அதுக்கும் மேல போய் ஆத்தாவோட பேரான்னு சொல்ல இன்னைக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்காங்க.

இந்த ஞாயித்துக்கிழமை போங்க. சித்தப்பா பையன் வேணாம், நோட்டு வேணாம், போனை வண்டியிலயே விட்டுட்டுப் போங்க. தாது வருஷம் 1876தான் அத்தை, நீங்க சொன்னதுதான் சரி, நான்தான் தப்பா கணக்குப் போட்டுட்டேன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் அவங்க காபி போட்டுக் குடுத்து உக்காந்ததும் இதை மட்டும் கேளுங்க: "அத்தை, உங்களுக்கு யார் பேரை வச்சாங்க?"